கிருமியைக் கொடுத்தவருக்கு மருந்தில் பங்கு

அனைவருக்கும் வணக்கம்.

மேசைமேல் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. உள்ளே வரும்போதே சிலர் அதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டீர்கள். காலிப் பெட்டிதான், பயப்பட வேண்டாம். ஒரு மாவட்ட மருத்துவமனையின் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இதுபோல எத்தனை பெட்டிகள் கட்டி அனுப்பியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இனி வரப்போகும் பெருந்தொற்றுகளுக்கு உலக நாடுகள் சேர்ந்து எப்படித் தயாராவது என்பது இன்றைய தலைப்பு. எனக்கு அது இந்தப் பெட்டியில்தான் ஆரம்பிக்கிறது.

காய்ச்சலோடு ஒருவர் வருகிறார். என்ன கிருமி என்று கண்டுபிடிக்க எங்கள் ஊரில் வசதி இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுக்கிறோம். ஒரு சின்னக் குழாயில் உள்ள இளஞ்சிவப்புத் திரவத்தில் குச்சியை இறக்கி, நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிட்டு மூடியைத் திருகுகிறோம். அந்தத் திரவத்தில் கிருமி சில நாள் கெடாமல் இருக்கும். குழாயைப் பஞ்சில் சுற்றி இன்னொரு டப்பாவுக்குள் வைப்போம். குழாய் உடைந்தாலும் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். அந்த டப்பா இந்தப் பெட்டிக்குள், சுற்றிலும் ஐஸ் பேக். படிவம் மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: காய்ச்சல் தொடங்கிய தேதி. அதை வாங்குவதற்குத்தான் அதிக நேரம் ஆகும். "மாரியம்மன் பொங்கலுக்கு மறுநாள்" என்பார்கள். நாங்கள் காலண்டரைப் புரட்டித் தேதி போடுவோம்.

2009ஆம் ஆண்டு, பன்றிக் காய்ச்சல் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு மாதிரி எடுத்தேன். குழந்தை திமிறியது, அம்மா மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து நான் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது அந்த அம்மா கேட்டார்: "எங்க புள்ளையோடத எங்கயோ அனுப்புறீங்க. என்னன்னு எங்களுக்கும் சொல்வீங்களா?" சொல்வோம் அம்மா என்றேன். முடிவு வந்தது. அலுவலகத்துக்கு வந்தது, அங்கிருந்து மேலே போனது, கோப்பில் ஏறியது. அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தை தேறிவிட்டது. ஆனாலும் அவர் இரண்டு முறை வந்து ஆய்வக வாசலில் நின்றுவிட்டுப் போனார். முடிவை நேரடியாகச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். இன்று அப்படி நினைக்கவில்லை. மாதிரி கொடுத்தவருக்குப் பதில் கிடைக்க வேண்டும். அது அவருடைய உரிமை.

இதையே ஒரு நாட்டுக்கு வைத்துப் பாருங்கள். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

1952இல் இருந்து உலக சுகாதார அமைப்பு ஃப்ளூ காய்ச்சலுக்கென்று ஓர் ஆய்வக வலைப்பின்னலை நடத்தி வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. ஃப்ளூ கிருமி வருடாவருடம் முகம் மாறும். அதனால் ஒவ்வொரு நாடும் தன் நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை லண்டன், அட்லாண்டா, மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் போன்ற ஊர்களில் உள்ள பெரிய ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. வருடத்துக்கு இரண்டு முறை நிபுணர்கள் உட்கார்ந்து, அடுத்த பருவத்துக்கான தடுப்பூசியில் எந்தக் கிருமி வகை இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். பனிப்போர் காலத்திலும் நிற்காமல் நடந்த ஏற்பாடு இது. மனிதர்கள் சேர்ந்து செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று மனமாரச் சொல்வேன். ஆனால் ஒரு கேள்வியை அரை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் உரக்கக் கேட்கவில்லை. அனுப்பிய கிருமியிலிருந்து செய்த தடுப்பூசி யாருக்குப் போகிறது?

கேட்டது இந்தோனேசியா. 2005இல் அங்கே மனிதர்களுக்குப் பறவைக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. 2006இல் மட்டும் 55 பேருக்கு வந்தது, 45 பேர் இறந்தார்கள். பத்துப் பேருக்கு வந்தால் எட்டுப் பேர் பிழைக்காத நோய். விதிப்படி இந்தோனேசியா மாதிரிகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. பிறகு, தாங்கள் அனுப்பிய கிருமியை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்குகிறது என்று தெரியவந்தது. தயாரானால் அதைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும். பெருந்தொற்று என்று வந்துவிட்டால் விலை கொடுத்தாலும் வரிசையில் கடைசி இடம்தான். அப்போதைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதீலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். கிருமி எங்கள் மக்களின் உடம்பிலிருந்து வந்தது, அதன்மேல் எங்களுக்கு உரிமை உண்டு என்றார்.

உலகமே அவரைத் திட்டியது. மனித குலத்தையே பணயம் வைக்கிறார் என்றார்கள். மாதிரியை நிறுத்தியது ஆபத்தான காரியம்தான், நான் மறுக்கவில்லை. என்னைப்போலப் பெட்டி கட்டியவனுக்கு அது அடிவயிற்றைக் கலக்கும் செய்தி. ஆனால் தடுப்பூசித் தொழிலில் மூலக் கிருமியை 'விதை' என்றுதான் சொல்வார்கள். விதை நெல்லை இலவசமாகக் கொடுத்தவன், விளைந்த நெல்லுக்குக் காசு இல்லாமல் களத்துமேட்டில் நிற்கிறான். அவன் அடுத்த போகத்துக்கு விதை தருவானா? அவனைத் திட்டினால் மட்டும் தந்துவிடுவானா?

நான்கு ஆண்டு இழுபறி. 2011 மே மாதம் ஜெனீவாவில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பெருந்தொற்று ஃப்ளூ ஆயத்தச் சட்டகம் என்று அதைச் சொல்லலாம். நாடுகள் கிருமி மாதிரிகளைத் தடையில்லாமல் தர வேண்டும். அதைப் பயன்படுத்தும் மருந்து நிறுவனங்கள் அந்த ஆய்வக வலைப்பின்னலின் செலவில் பாதிக்கு ஈடான தொகையை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பெருந்தொற்று வந்தால் உற்பத்தியில் ஒரு பங்கை உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்குவதாக முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாடு சண்டை போட்டதால் வந்த ஏற்பாடு அது. இந்தோனேசியாவுக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு. நான் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.

சரி, அப்படியானால் கோவிட் காலத்தில் ஏன் அது உதவவில்லை? காரணம் எளிது. அந்த ஒப்பந்தம் ஃப்ளூவுக்கு மட்டும். வந்தது கொரோனா.

இன்னொன்றும் அதற்குள் மாறிப்போயிருந்தது. இந்தப் பெட்டிக்கே வேலை குறைந்துவிட்டது. 2020 ஜனவரி 11 அன்று ஷாங்காயில் சாங் யோங்சென் என்ற விஞ்ஞானியின் குழு புதிய கிருமியின் மரபணு வரிசையை இணையத்தில் வெளியிட்டது. சுமார் முப்பதாயிரம் எழுத்து, அவ்வளவுதான். மறுநாளே அவருடைய ஆய்வகத்தை 'திருத்தத்துக்காக' மூடச் சொன்னார்கள். ஆனால் எழுத்துகள் உலகம் முழுக்கப் போய்விட்டன. அமெரிக்காவின் மாடர்னா நிறுவனம் ஜனவரி 13ஆம் தேதி தன் தடுப்பூசியின் வடிவத்தை முடிவு செய்துவிட்டது. அவர்கள் கையில் கிருமி இல்லை. குழாய் இல்லை, ஐஸ் பேக் இல்லை, வெறும் கணினிக் கோப்பு. பெட்டியோடு ஒப்பந்தத் தாளையும் சேர்த்து அனுப்பலாம். எல்லோரும் தரவிறக்கிக்கொள்ளும் கோப்போடு ஒப்பந்தத்தை எப்படிச் சேர்ப்பது? இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கும் பேச்சுவார்த்தையின் கடினமான முடிச்சு இதுதான்.

அப்புறம் தென்னாப்பிரிக்கா. 2021 நவம்பர் மாதம் அங்கேயும் போட்ஸ்வானாவிலும் உள்ள விஞ்ஞானிகள் ஒரு புதிய வகையைக் கண்டார்கள். மறைக்கவில்லை, தள்ளிப்போடவில்லை. நவம்பர் 24 அன்று உலக சுகாதார அமைப்புக்குச் சொன்னார்கள். இரண்டு நாளில் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வந்தது. அதே இரண்டு நாளில் பல நாடுகள் தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் விமானங்களுக்குக் கதவைச் சாத்தின. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அன்றைக்கு நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட முழுத் தடுப்பூசி கிடைக்கவில்லை. பணக்கார நாடுகள் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டிருந்தன. அடுத்த முறை ஒரு நாட்டின் அமைச்சர் மேசையில் அப்படி ஓர் அறிக்கை வந்து கிடந்தால், அவர் மனத்தில் என்ன ஓடும்? இன்னும் ஒரு வாரம் பொறுத்துச் சொல்லலாமே என்று தோன்றாதா? பெருந்தொற்றில் ஒரு வாரம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்று நாம் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

சட்டம் போட்டு வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சட்டம் இருக்கிறது. சார்ஸ் வந்து 774 பேரைக் கொன்றுவிட்டுப் போன பிறகு, 2005இல் சர்வதேச சுகாதார விதிகளைத் திருத்தி எழுதினார்கள். உலகுக்கே ஆபத்தாகக்கூடிய நோய் என்று ஒரு நாடு மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் மீறினால் தண்டிக்க யாரும் இல்லை. சொல்பவர் மனம் வைத்தால்தான் நடக்கும். சொன்னால் நட்டம் மட்டுமே என்றால் மனம் எப்படி வரும்?

மற்றவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் பக்கமும் பார்க்க வேண்டும். ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி சேர வேண்டும் என்று கோவாக்ஸ் என்ற கூட்டு ஏற்பாடு உருவானது. அது பெரிதும் நம்பியிருந்தது புனேயில் உள்ள சீரம் நிறுவனத்தை. 2021 பிப்ரவரி 24 அன்று அதன் முதல் தொகுதி, ஆறு லட்சம் ஊசி, கானா நாட்டில் இறங்கியது. அடுத்த மாதமே இங்கே இரண்டாம் அலை எழுந்தது. ஏற்றுமதி நின்றது. ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு மனிதர்கள் ஓடிய நாட்கள் அவை. நம் மக்களுக்கே முதலில் என்று அரசு முடிவெடுத்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். ஜனவரி மாதம் நாம் ஐந்து லட்சம் ஊசி அன்பளிப்பாக அனுப்பினோம். மகிழ்ந்து போட்டுக்கொண்டார்கள். ஏற்றுமதி நின்றதும் சுமார் ஆறு லட்சம் பேர் முதல் ஊசியோடு நின்றார்கள். இரண்டாவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஜூலை கடைசியில் ஜப்பான் அனுப்பிய மருந்து வந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. நம்முடையது தர்மம். தர்மம் நல்லதுதான். ஆனால் வீட்டில் தீப்பிடித்தால் தர்மம் நின்றுவிடும், எந்த வீட்டிலும். அதனால்தான் ஒப்பந்தம் வேண்டும் என்கிறேன். யார் எவ்வளவு தருவார் என்பதைத் தீ இல்லாத நாளில் எழுதி வைக்க வேண்டும். ஒரே ஊரில் இருக்கும் ஒரே தொழிற்சாலையை உலகம் நம்பியிருக்கக்கூடாது என்பதும் அதில் சேரும்.

அந்த எழுத்துக்கு உலகம் இப்போது பாதி தூரம் வந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பேசி, 2025 மே 20 அன்று ஜெனீவாவில் பெருந்தொற்று ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தவை 124 நாடுகள், எதிர்த்தவை இல்லை, விலகி நின்றவை 11. உலக சுகாதார அமைப்பை விட்டுப் போவதாக அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்த அமெரிக்கா அதற்குப் பிறகு இந்தப் பேச்சில் பங்கெடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் எனக்கு உயிரான பகுதி ஒன்று. பெருந்தொற்றுக் காலத்தில் இதில் சேரும் நிறுவனங்கள் தங்கள் தடுப்பூசி, மருந்து, சோதனைக் கருவி உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார அமைப்புக்குத் தர வேண்டும் என்பது இலக்கு. அதில் பாதி, அதாவது குறைந்தது 10 சதவீதம், இலவசமாக. மீதி, வாங்கக்கூடிய விலையில். இந்த முறை ஃப்ளூ மட்டுமல்ல, பெருந்தொற்றாகக்கூடிய எந்தக் கிருமியானாலும்.

அப்படியானால் பாதி தூரம் என்று ஏன் சொல்கிறேன்? இந்தப் பகிர்வு எப்படி நடக்கும் என்ற விவரத்தைத் தனி இணைப்பாகப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துத்தான் அன்று நிறைவேற்றினார்கள். அந்த இணைப்பு ஏற்கப்படும்வரை ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துக்குப் பிறகு 60 நாடுகள் முறைப்படி ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாயிற்று, சீர்வரிசைப் பேச்சு முடியவில்லை என்ற நிலை. கட்டாயமாக்கினால் நிறுவனங்கள் புதிய மருந்தில் பணம் போடத் தயங்கும் என்று மருந்து நிறுவனங்கள் உள்ள நாடுகள் சொல்கின்றன. அந்தக் கவலையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கிருமியைப் பற்றிய தகவல் வராமல் போனால் அந்த நிறுவனங்கள் எதை வைத்து மருந்து செய்யும்? அவர்கள் முதலீட்டில் முதல் பங்கு போட்டவர் காய்ச்சலில் கிடந்த ஒரு நோயாளி. அதைக் கணக்கில் எழுதச் சொல்கிறோம்.

கடைசியாக நம் நாட்டைப் பற்றி. இந்தப் பேச்சுவார்த்தையில் பல நாடுகளுக்கு ஒரு நாற்காலிதான். ஒன்று கிருமி தரும் நாடு, இல்லாவிட்டால் மருந்து செய்யும் நாடு. இந்தியாவுக்கு இரண்டும். 2018 மே மாதம் நம் மாநில எல்லைக்கு அந்தப்பக்கம், கேரளாவின் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் வந்தது. 17 பேர் இறந்தார்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த லினி என்ற செவிலியரும் அதில் ஒருவர். நிபாவுக்கு அன்றும் தடுப்பூசி இல்லை, இன்றும் சந்தையில் இல்லை. அப்போது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து ஒரு சோதனை மருந்தை வரவழைத்தார்கள். அது வந்தபோது நோய் அடங்கியிருந்தது, பயன்படுத்த வேண்டி வரவில்லை. நாளைக்கு நிபாவுக்குத் தடுப்பூசி வந்தால், அதற்கான விதை மலேசியாவிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ நம் கோழிக்கோட்டிலிருந்தோ போனதாகத்தான் இருக்கும். அதே நேரம் அதைக் கோடிக்கணக்கில் செய்து தரக்கூடிய ஆலைகள் புனேயிலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன.

ஆகவே ஜெனீவாவில் நம் பிரதிநிதி பேசும்போது, மாதிரிக்குப் பதில் மருந்து வேண்டும் என்று உரக்கக் கேட்கட்டும். கேட்டுவிட்டு, எங்கள் ஆலைகளும் அந்த 20 சதவீதத்துக்குக் கட்டுப்படும் என்று அதே மூச்சில் சொல்லட்டும். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் நம்மை நம்ப மாட்டார். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஊருக்கு வரும்போது சாலை, தண்ணீர், ரயில் நிறுத்தம் எல்லாம் கேட்கிறோம். இதையும் ஒரு மனுவாக எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்து ஒரு பக்கத்தில் எழுதி வந்திருக்கிறேன். வாசலில் நம் நூலகர் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, ஒப்புதல் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். மாற்ற வேண்டியது இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.