மெகரின் முள்ளும் வெப்பமானியும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சர்க்கரை ஆலையில், 3.3 கிலோவோல்ட் மோட்டார் ஒன்றை நிறுத்திய சில நிமிடங்களில் கம்பிகளைச் சுற்றியுள்ள மின்காப்பின் தடையை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தபோது முள் 3 மெகோமில் (30 லட்சம் ஓம்) நின்றது. குறைந்தபட்சம் 4.3 மெகோம் வேண்டும் என்று ஏட்டில் எழுதியிருந்ததால், 'வைண்டிங் (கம்பிச் சுருள்) போய்விட்டது, ரீவைண்டிங்குக்கு அனுப்புங்கள்' என்றார்கள். மறுநாள் காலையில், இரவு முழுவதும் ஆறிக் கிடந்த அதே மோட்டார் 45 மெகோம் காட்டியது. மோட்டாருக்கு இரவோடு இரவாக யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. வெப்பநிலைதான் 70 பாகை செல்சியஸிலிருந்து 30 பாகைக்கு இறங்கியிருந்தது.

செப்புக் கம்பியின் தடை சூடேறச் சூடேற மெல்லக் கூடும். 10 பாகைக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு. மின்காப்புப் பொருளோ நேர் எதிர். சூட்டில் மின்னூட்டத் துகள்களுக்கு விடுதலை கூடுவதால், கசியும் மின்னோட்டம் வேகமாக ஏறி, தடை சரிகிறது. 10 பாகை கூடினால் தடை பாதியாகும் என்பது பணிமனைகளில் வழங்கிவரும் கணக்கு. சுழலும் இயந்திரங்களுக்கு 40 பாகையைப் பொது அடிப்படையாகக் கொள்வது வழக்கம். ஏட்டில் இருந்த 4.3 கூட 40 பாகைக்கு உரிய எண்தான். 70 பாகையில் எடுத்த 3 மெகோமை மூன்று முறை இரட்டித்தால் 24. 30 பாகையில் எடுத்த 45-ஐப் பாதியாக்கினால் 22.5. இரண்டும் ஒரே மோட்டாரின் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன.

ஆனால், இந்தக் கணக்கை எல்லா வைண்டிங்குக்கும் போட்டுவிடக் கூடாது. அந்த மோட்டார், தார் சேர்த்த மைக்கா காப்புக் கொண்ட பழைய தலைமுறை. எபாக்சி, பாலியெஸ்டர் பிசின் ஊட்டிய இன்றைய காப்பு இவ்வளவு வேகமாகச் சரிவதில்லை. மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. வெளியிட்ட 43-ஆம் எண் நெறிமுறையின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வகைக்குத் தனிச் சூத்திரம் தருகிறது. அதன்படி 70 பாகை அளவீட்டை எட்டால் அல்ல, சுமார் மூன்றேகாலால்தான் பெருக்க வேண்டும். பழைய கணக்கையே பிடித்துக்கொண்டால், நலிந்த காப்பும் தாளில் திடகாத்திரமாகத் தெரியும். என் பார்வையில், நல்ல மோட்டாரை வீணாகக் கழிப்பதைவிட இதுவே ஆபத்தானது.

வெப்பநிலையை எங்கே அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மோட்டாரின் கூட்டைத் தொட்டுப் பார்த்து 50 பாகை என்று எழுதுவோர் உண்டு (நானும் எழுதியவன்தான்). உள்ளே வைண்டிங் 70-இல் இருக்கலாம். அந்த 20 பாகைப் பிழை பழைய காப்பின் விடையை நான்கில் ஒன்றாக்கிவிடும். வைண்டிங்கில் பதித்த உணரி இருந்தால் அதன் அளவே நம்பத்தக்கது. இல்லையேல் இயந்திரம் நன்கு ஆறும்வரை காத்திருப்பதே மேல்.

ஈரம் இந்தத் திருத்தத்துக்குள் அடங்காது. ஐப்பசி மழைக்காலத்தில் நின்றுகிடக்கும் மோட்டாரின் வைண்டிங், காற்றின் பனிநிலைக்கு (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே குளிர்ந்தால் மேற்பரப்பில் நீர் படியும். அதன் வழியே கசியும் மின்னோட்டத்தை எந்தப் பெருக்கெண்ணாலும் கழிக்க முடியாது. அப்போது கால்குலேட்டரை வைத்துவிட்டு, மோட்டாருக்குள் இருக்கும் ஸ்பேஸ் ஹீட்டர் என்ற சூடேற்றியைப் போட்டு உலர்த்திய பின்னரே மெகரை எடுக்க வேண்டும்.