அந்த அரக்கனின் முகத்துக்கு என்ன நிறம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கதை நாயகர்களையும் அரக்கர்களையும் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவருக்கு நிறைவு தருவது வண்ணம் தீட்டி விற்கும் உருவமா, பாகம் பாகமாக வாங்கி நாமே ஒட்டித் தீட்டும் உருவமா? இதுதான் தலைப்பு. நாமே தீட்டுவதுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "தொழிற்சாலையில் பிசிறில்லாமல் தீட்டிய முகம் கிடைக்கும்போது வீட்டில் பசையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு அவரை 1960-களின் தொடக்கத்துக்கு அழைத்துப் போகிறேன்.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் அரோரா என்றொரு நிறுவனம் இருந்தது. ஒட்டிச் செய்யும் மாதிரிகள் என்றால் பெரும்பாலும் விமானமும் கப்பலும் காரும் என்றிருந்த காலத்தில், அது பிராங்கன்ஸ்டைன் கதையின் அரக்கனைப் பெட்டியில் போட்டு விற்றது. 1931இல் வந்த படத்தில் போரிஸ் கார்லோஃப் ஏற்ற வேடம். எட்டில் ஒரு பங்கு அளவு. அதாவது ஆறடி ஆள் ஒன்பது அங்குலத்தில் நிற்பான். கைகளை நீட்டிக்கொண்டு கல்லறை மேட்டின் மேல் நடந்து வருவான். பாகங்களில் வண்ணம் கிடையாது.

இனி நான் கேட்கிறேன், அவன் முகம் என்ன நிறம்? படம் கறுப்பு வெள்ளை! பெட்டியின் மேல் ஜேம்ஸ் பாமா என்ற ஓவியர் தம் விடையைத் தீட்டியிருந்தார். அதை ஏற்பதா, விடுவதா என்பது பெட்டியைப் பிரித்த பத்து வயதுப் பிள்ளையின் முடிவு. பச்சையா, சாம்பலா, பிணத்தின் வெளிர்மஞ்சளா? அந்தக் கேள்வியோடு அந்தப் பிள்ளை இரவெல்லாம் படுத்துக் கிடந்திருக்கும். தீட்டி வரும் உருவத்தில் அந்தக் கேள்வியையே யாரோ நமக்கு முன்பே எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். தவிர, துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த ஓர் உடலின் கதை அது. தலையைக் கழுத்தில் ஒட்டும்போதே பிள்ளை கதைக்குள் போய்விடுகிறது.

அரோரா 1977இல் மூடப்பட்டது. ஆனால் அந்த அரக்கர்கள் வேறு நிறுவனங்களின் பெட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒட்டிப் பார்த்த பிள்ளைகள் பெரியவர்களாகியும் மறக்கவில்லை, அதனால்தான்.

ஜப்பானைப் பாருங்கள். 1979இல் தொடங்கிய, குண்டம் என்ற இயந்திர மனிதனின் தொலைக்காட்சித் தொடரை 52 வாரம் ஓட்டத் திட்டமிட்டு, 43இல் முடித்துவிட்டார்கள். தொடர் முடிந்த பிறகு, 1980 ஜூலையில், பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் 144இல் ஒரு பங்கு அளவில் அந்த இயந்திர மனிதனை 300 யென்னுக்கு விற்றது. கதையில் 18 மீட்டர் உயரம். கையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு. மறுஒளிபரப்பும் இந்தப் பெட்டியும் சேர்ந்துதான் பாதியில் நின்ற கதையைத் தூக்கி நிறுத்தின.

"இன்றைய குண்டம் பெட்டிகளுக்குப் பசையும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம், உங்கள் கட்சியை நிறுவனமே கைவிட்டதே" என்றார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன், அழுத்தினால் பொருந்திவிடும். ஆனால் பொருத்தியவர்கள் அதோடு எழுந்து போவதில்லை. பாகங்களைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் மேடு தெரிகிறதென்று உப்புத்தாள் போடுகிறார்கள். தகடுகளின் இடைக்கோட்டில் மை ஓடவிடுகிறார்கள். போரில் அடிபட்டுத் துருவேறியது போலப் பஞ்சால் வண்ணம் ஒற்றி வைக்கிறார்கள். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"பிறர் வடித்ததை எண் பார்த்து ஒட்டுவதில் உங்கள் படைப்பு எங்கே?" என்பதுதான் எதிரணியின் பலமான வாதம். பிடித்த பாத்திரத்துக்குக் கடையில் பெட்டி கிடைக்காத ஜப்பானிய ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே வடித்து, சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, ஊற்றினால் இறுகும் ரெசின் என்ற பிசினை ஊற்றினார்கள். 1980-களின் நடுவிலிருந்து அதற்கென்றே வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற விழா நடக்கிறது. அந்த ஒரு நாள் விற்க மட்டும் பாத்திரங்களின் உரிமையாளர்கள் அனுமதி தருகிறார்கள். ஓர் ஆள் தன் அறையில் வார்த்த சில பெட்டிகளை மேசையில் வைத்து விற்கிறார். எண் பார்த்து ஒட்டத் தொடங்கியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது.

என் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சூனியக்காரக் கிழவியின் முகத்தைத் தீட்டினேன். கண் ஒரு கடுகளவு. தூய வெள்ளை வைத்தால் முழிப்பது போலிருக்கும். துளி பழுப்பு கலக்க வேண்டும். வலது கண் முதல் தடவையிலேயே அமைந்தது. இடது கண்மணி மேலே ஏறிவிட்டது. ஈரம் காய்வதற்குள் பல்குச்சி முனையில் துடைத்தேன். மறுபடி கீழே போனது. மூன்றாம் தடவை மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளி வைத்தேன். கிழவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தவள், கையிலிருக்கும் ஆப்பிளை யாருக்கோ கொடுக்கப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. பிசிறில்லாமல் வந்த எந்த முகமும் எனக்கு அந்தப் பயத்தைத் தந்ததில்லை.

நடுவர் அவர்களே, அவளைக் கொண்டுவந்திருக்கிறேன், உங்கள் மேசையில் வைக்கிறேன். முதுகில் இரு பாதிகள் சேர்ந்த கோடு இருக்கும். பட்டி வைத்துத் தேய்த்தும் போகவில்லை. அதையும் பாருங்கள். பிறகு அந்த இடது கண்ணைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.