இரண்டு ஆண்டு ஷெங்கன் விசாவும் கட்டம் போட்ட சட்டையும்

வணக்கம் நண்பர்களே. இன்று காலை கூரியர்க்காரர் வீட்டு மணியை அடித்தபோது நான் தோசைக்கல்லின் முன் நின்றிருந்தேன். கையெழுத்துப் போட்டு உறையை வாங்கி, கத்தரிக்கோலைத் தேடும் பொறுமைகூட இல்லாமல் பல்லால் கிழித்துப் பிரித்து முடிப்பதற்குள் தோசை கருகிவிட்டது. அதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பாஸ்போர்ட் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். எத்தனை முறை உள்ளே நுழையலாம் என்று குறிக்கும் இடத்தில் 'மல்ட்' என்று நான்கு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கின்றன. அதற்கு மேலே இருக்கும் இரண்டு தேதிகளுக்கும் இடையே முழுதாக இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. இது இரண்டு ஆண்டுக்கான, பலமுறை சென்று வரத்தக்க ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் 29 நாடுகளுக்கும் சேர்த்துச் செல்லும் ஒரே விசா.

இந்த நான்கு எழுத்துக்கு நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்பது குரோஷியா வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு முறை நுழையக்கூடிய விசா. டுப்ரோவ்னிக் நகரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய மோஸ்தார் பாலத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, அது போஸ்னியாவில் இருக்கிறது, போஸ்னியா ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது, ஒருமுறை வெளியே கால் வைத்தால் திரும்பி வரும்போது என் விசா செல்லாக்காசு என்று தெரிந்ததும், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் புலம்பினேன். அந்தப் பத்து நிமிடத்தையும் வெட்டாமல் வெளியிட்டதற்காகப் பலர் என்னைத் திட்டினீர்கள்.

இந்த முறை இரண்டு ஆண்டு கிடைத்ததில் என் திறமை எதுவும் இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரல் 18 அன்று இந்தியர்களுக்கென ஒரு முடிவை எடுத்தது. இந்தியாவில் வசித்து, இந்தியாவிலேயே விண்ணப்பிக்கும் இந்தியர் ஒருவர், முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று, அவற்றை முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அவருக்கு இரண்டு ஆண்டுக்கான விசா வழங்கலாம் என்பதுதான் அது. அதற்கடுத்த படி ஐந்து ஆண்டு விசா. ஆனால் பாஸ்போர்ட்டில் அந்த அளவுக்குக் காலம் மீதமிருக்க வேண்டும். முறையாகப் பயன்படுத்துவது என்றால், அனுமதித்த நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூடத் தங்காமல் திரும்பி வந்திருப்பது. நான் பழைய விசாக்கள் இருந்த பக்கங்களையும், போகும்போதும் வரும்போதும் குத்திய முத்திரைகளையும் நகலெடுத்து, முகப்புக் கடிதத்தில் இந்த முடிவைத் தேதியோடு குறிப்பிட்டு, கோப்பின் முதல் தாளாக வைத்தேன்.

இனி நான் உண்மையாகவே சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது அந்தப் புகைப்படம்.

ஷெங்கன் விசாவுக்குப் புகைப்படம் 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். பின்னணி வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும், முகம் நேராகவும் பெரிதாகவும் தெரிய வேண்டும், படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இவை அனைத்தும் எனக்கு மனப்பாடம். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முந்தைய நாள், எங்கள் தெருமுனையில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய், கண்ணாடியைக் கழற்றி, வாயை மூடி, திருடனைப் போல் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்டேன். எட்டுப் படங்களுக்கு 120 ரூபாய் கொடுத்தேன். ஒரே ஒரு தவறு செய்தேன். நம் சேனலின் கட்டம் போட்ட நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அது ராசியான சட்டை என்பதை நீங்களே அறிவீர்கள். முதல் விசாவுக்கும் அதைத்தான் போட்டிருந்தேன், இரண்டாவது விசாவுக்கும் அதைத்தான் போட்டிருந்தேன்.

விண்ணப்ப மையத்தின் கவுண்ட்டரில் இருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பழைய விசாவில் இருந்த படத்தைப் பார்த்தார், புதிய படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், இது பழைய போட்டோ. ஆறு மாதத்துக்குள் எடுத்தது வேண்டும்.”

“நேற்று மாலைதான் எடுத்தேன், மேடம்.”

“சட்டை அதேதானே இருக்கிறது?”

சட்டை அதேதான், ஆனால் அதற்குள் இருக்கும் ஆளுக்கு மூன்று கிலோ கூடியிருக்கிறது என்று விளக்கினேன். காதோரம் நரைத்திருப்பதைக் காட்டினேன். ஸ்டூடியோ கொடுத்த ரசீதைத் தேடினேன். அது வீட்டில், பழைய பேன்ட் பையில் இருந்தது. கைப்பேசியில் நேற்று எடுத்த செல்ஃபியைக் காட்டலாம் என்றால், உள்ளே நுழையும்போதே கைப்பேசியை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். இறுதியில், அதே மையத்தில் ஒரு மூலையில் இருக்கும் புகைப்பட அறையில் வேறு படம் எடுத்து வருமாறு கை காட்டினார். அங்கே நான்கு படத்துக்கு 400 ரூபாய்! தெருமுனையில் எட்டுப் படம் 120 ரூபாய், இங்கே நான்கு படம் 400 ரூபாய். அதாவது ஒரு படம் 15 ரூபாய்க்குக் கிடைத்த இடத்திலிருந்து, ஒரு படம் 100 ரூபாய்க்கு விற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். விசாக் கட்டணத்தைக்கூட நான் இத்தனை வயிற்றெரிச்சலோடு கட்டவில்லை.

பணம் மட்டும் சிக்கல் இல்லை. அதே சட்டையோடு மறுபடியும் படம் எடுத்தால் அது எப்படிப் புதிய படமாகத் தெரியும்? வெளியே என்னை அழைத்துப் போவதற்காகக் காத்திருந்த மைத்துனரைக் காவலாளி மூலமாகக் கூப்பிட்டு, மாடிப்படிக்குக் கீழே நின்று இருவரும் சட்டையை மாற்றிக்கொண்டோம். அவருடைய கறுப்புச் சட்டை எனக்கு ஒரு சுற்றுச் சிறியது. கழுத்துப் பொத்தானைப் போட்டால் மூச்சு நிற்கிறது, போடாவிட்டால் காலர் விரிந்து நிற்கிறது.

படம் பிரச்சினை முடிந்து மீண்டும் அமர்ந்தபோது அடுத்தது தொடங்கியது. விண்ணப்பப் படிவத்தில், எத்தனை முறை நுழைய விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு ஒருமுறை, இருமுறை, பலமுறை என மூன்று கட்டங்கள் இருக்கும். நான் பலமுறை என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒரு பயணம்தானே போகிறீர்கள், ஒருமுறை என்று மாற்றிவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு என்று அந்தப் பெண்மணி அறிவுரை சொன்னார். இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்ப மையம் தாள்களை வாங்கி அனுப்பும் இடம் மட்டுமே, விசாவைக் கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம். நான் மாற்றவில்லை. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்த வீடியோவே இருந்திருக்காது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன், கொஞ்சம் பின்னால் போகிறேன். கைரேகை. ஷெங்கன் விசாவுக்குக் கொடுக்கும் கைரேகையை 59 மாதங்களுக்குள் மறு விண்ணப்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியும். ஏன் 60 இல்லாமல் 59 என்று முந்தைய வீடியோவிலேயே புலம்பியிருக்கிறேன். அதனால் இம்முறை விரல்களை வைக்கவே இல்லை. பாஸ்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்: அது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், நாம் ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே விதிக்கப்பட்ட வேதனை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முதலெழுத்து உண்டு. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து எழுத வேண்டும் என்பதால், குடும்பப்பெயர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. விமான நிறுவனத்தார் ஒலிபெருக்கியில் அப்பாவைத்தான் அழைக்கிறார்கள். ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது தெரியாது. வங்கிக் கணக்கிலோ வெறும் முதலெழுத்துதான். வங்கிக் கணக்கறிக்கையில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று வங்கிக் கிளையில் கடிதம் வாங்கி, முத்திரையும் மேலாளர் கையெழுத்தும் போட்டு இணைத்தேன். முன்பு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது விடுப்புக் கடிதம் ஒன்று போதும். இப்போது சொந்தத் தொழில் என்பதால், தொழில் பதிவுச் சான்றும் மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கும் வைத்தேன். வீடியோ எடுப்பது ஒரு தொழிலா என்று யாரும் கேட்கவில்லை. என் மாமனார் மட்டும்தான் இன்னும் கேட்கிறார்.

கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் 11-க்கு முன்பு இது 80 யூரோவாக இருந்தது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. மையத்தின் சேவைக் கட்டணம் தனி, கூரியருக்குத் தனி. குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் ஒரு தொகை கேட்டார்கள்; அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே இணையத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்ப்பவன், எனக்கு எதற்குக் குறுஞ்செய்தி? மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதுக்கும் செல்லும்படி எடுக்க வேண்டும். பலமுறை விசா கேட்பவர்கள் முதல் பயணத்துக்கான காப்பீட்டைக் காட்டினால் போதும். அடுத்தடுத்த பயணங்களுக்கும் எடுப்பேன் என்று படிவத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்று ஒவ்வொரு வீடியோவின் கீழும் யாராவது ஒருவர் கேட்கிறீர்கள். முதலில் இறங்கும் நாடு என்று சொல்லிக்கொடுப்பவர்களை நம்பாதீர்கள். அதிக நாட்கள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு. வியன்னாவில் இறங்கி ஆஸ்திரியாவில் மூன்று இரவும், பிறகு ரயிலேறி இத்தாலியில் ஆறு இரவும் தங்கினால் இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும்; அது 45 நாள் வரை நீளவும் கூடும் என்பதால், கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் கடைசி வரம்பை மறந்துவிடுங்கள். எனக்குப் பன்னிரண்டாம் நாளில் வந்தது. நான் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தேன் என்பதை அடுத்த வீடியோவுக்காக வைத்திருக்கிறேன், அதனால் ஸ்டிக்கரின் அந்த மூலையை மட்டும் மங்கலாக்கியிருக்கிறேன்.

இரண்டு ஆண்டு விசா என்றதும் இரண்டு ஆண்டு அங்கேயே தங்கலாமா என்று என் அத்தை கேட்டார். முடியாது. எந்த நாளில் நின்று பின்னோக்கி 180 நாட்களை எண்ணினாலும், அதற்குள் நாம் தங்கிய நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. இறங்கும் நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள். மார்ச் 1 அன்று போய் மார்ச் 20 அன்று திரும்பினால் 20 நாட்கள் கழிந்துவிட்டன, மீதம் 70. ஷெங்கன் என்பது இன்று 29 நாடுகள். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழியிலும் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ஆகவே டப்ளினுக்கு இந்த ஸ்டிக்கர் உதவாது.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, எல்லையில் முகத்தைப் படம் பிடித்துக் கணினியில் பதிந்துவிடுகிறார்கள். விசா வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களின் கைரேகை ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால் மீண்டும் கேட்க வேண்டியதில்லை. 90 நாள் கணக்கு தானாகவே சரிபார்க்கப்படும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முத்திரை போய்விட்டதே! ஒரு மூலையில் சின்ன விமானப் படமோ ரயில் படமோ போட்டு, உள்ளே போகும் அம்புக்குறியோடு குத்தப்படும் அந்த முத்திரையைப் பார்க்கத்தான் நான் வரிசையில் நிற்பேன். லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஷெங்கன் கிராமத்துக்குப் போன வீடியோ நினைவிருக்கும். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே கப்பலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பெயரால்தான் என் பாஸ்போர்ட்டில் அத்தனை முத்திரைகளும் விழுந்தன. இனி அந்தக் காலிப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த ஸ்டிக்கரில் இருக்கும் படத்தை இப்போது பெரிதாக்கிக் காட்டுகிறேன். மைத்துனருடைய கறுப்புச் சட்டை, பொத்தான் போடாத காலர், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பிதுங்கிய கண்கள். இரண்டு ஆண்டுகளுக்கு எந்த எல்லையில் நின்றாலும் இந்த முகத்தைத்தான் நீட்ட வேண்டும். மைத்துனரிடம் காட்டினேன். சட்டை நன்றாக இருக்கிறது என்றார். என் கட்டம் போட்ட சட்டையை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.