பந்தியில் உட்காரப் பழகட்டும்

நடுவர் அய்யா அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். காரைக்குடி மேடையில் இன்றைய தலைப்பு: 'வெளிநாட்டில் சிறு பிள்ளைகளோடு உணவகம் போவது பெற்றோருக்குப் பாரமா, பிள்ளைக்குப் பயிற்சியா?' பயிற்சியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் மூன்று காரணம் சொன்னார். பிள்ளை அழும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காரமும் ஒவ்வாமையும் பிள்ளையைப் படுத்தும். கொடுத்த காசு வீண். மூன்றும் நடப்பவைதான். ஆனால் ஏன் நடக்கின்றன என்று அண்ணன் சொல்லவே இல்லை.

நம் நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு விற்கப் போன காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் போனார்கள். அங்கே கிட்டங்கியில், அதாவது அவர்கள் தங்கித் தொழில் பார்த்த இடத்தில், சமையல்காரர் இருந்தார். பிள்ளைகள் இங்கே வளவு வீட்டில் ஆயா கையால் சாப்பிட்டார்கள். இன்று போகிறவர்கள் இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஆயா இல்லை, பங்காளி வீடு இல்லை, கல்யாணப் பந்தி இல்லை. நாலு பேர் நடுவே உட்கார்ந்து, தன் முறை வரும்வரை பொறுத்துச் சாப்பிட அந்தப் பிள்ளை எங்கே பழகும்? அங்கே அதற்குக் கிடைக்கிற பந்தி உணவகம்தான்.

முதலில் அழுகையைப் பார்ப்போம். பிள்ளை அழுவது பெரும்பாலும் சேட்டையால் அல்ல, நேரத்தால். ஆறு மணிக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்குத் தூங்கும் பிள்ளையை ஏழரைக்கு மேசைக்குக் கூட்டிப்போனால் பசியும் தூக்கமும் சேர்ந்து வரும். அமெரிக்காவில் ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு தரும் கடைகள் நிறைய உண்டு; அந்த நேரத்துக்குப் போனால் கூட்டமும் குறைவு. ஸ்பெயினில் பல கடைகளில் இரவு அடுப்பு எட்டு, எட்டரைக்கு முன் பற்றாது. அங்கே இரவை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

சிறு பிள்ளை ஓரிடத்தில் நிம்மதியாக உட்காருவது இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அந்த நேரத்தைக் காத்திருப்பதில் கரைத்துவிடக் கூடாது. உட்கார்ந்ததும், குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கும்போதே, பிள்ளையின் தட்டையும் சொல்லிவிட வேண்டும். தயாரானதும் அதை முதலில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் சாப்பாடு மேசைக்கு வந்ததுமே பில்லைக் கேட்டுவிட வேண்டும். கிளம்பும் நேரத்தில் பில்லுக்காகப் பதினைந்து நிமிடம் காத்திருக்கும்போதுதான் பல பிள்ளைகள் பொறுமை இழக்கின்றன. அதையும் மீறி அழுதால், ஒருவர் பிள்ளையோடு வெளியே நடக்கட்டும், மற்றவர் மிச்சச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டச் சொல்லட்டும். கைப்பேசியைக் கொடுத்து வாயடைப்பதை நான் ஏற்கவில்லை. படத்தில் கண் வைத்த பிள்ளை மெல்லவும் மறக்கும், வயிறு நிறைந்ததும் அதற்குத் தெரியாது.

கடைகளில் சிறு பிள்ளைக்குப் போடும் உயர நாற்காலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். இடுப்பு வார் மட்டும் போதாது. கால்களுக்கு நடுவே வரும் வாரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கீழே வழுக்கி இறங்கிக் கழுத்து மாட்டும். மேசை விளிம்பைக் காலால் உதைத்தால் நாற்காலி பின்னால் சாயும். கால் எட்டாதபடி போட வேண்டும். பரிமாறுபவர் சூடான தட்டோடு வரும் வழியில் போடவே கூடாது. இந்த உயர மர நாற்காலியைக் கவிழ்த்து, அதன்மேல் கைக்குழந்தையின் கார் இருக்கையை வைப்பதை அமெரிக்கக் கடைகளில் பார்க்கலாம். அது இதற்காகச் செய்தது அல்ல, சரிந்து விழும்.

இனி காரம். அண்ணன் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. 'காரம் குறைத்துக் கொடுங்கள்' என்று குழம்புக்கும் சுக்காவுக்கும் சொல்லிப் பயனில்லை. மசாலா முன்னமே அரைத்துச் சேர்த்தாகிவிட்டது. அந்தச் சொல் செல்லுபடியாவது அப்போதே செய்யும் பண்டங்களுக்கு: தோசை, முட்டை, வதக்கிய காய். வெளிநாட்டில் நம் பேரில் நடக்கும் செட்டிநாட்டுக் கடைகளிலும் இதே கதைதான். இடியாப்பத்தையும் பாலையும், வெறும் சோற்றையும் தயிரையும் தனியாக வாங்குங்கள். பெரியவர் தட்டிலிருந்து கொடுப்பதானால் அன்னாசிப்பூ, மராத்தி மொக்கு, பட்டைத் துண்டு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள். பிள்ளைத் தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும். முழுப் பருப்புக் கொட்டைகள் ஐந்து வயதுவரை வேண்டாம். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கலந்த எதுவும் ஆகாது. உப்புக்கும் கணக்கு உண்டு: ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கடை சூப்பைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தால் அந்தக் கணக்கு சீக்கிரம் தாண்டிவிடும்.

ஒவ்வாமைக்கு நாடு பார்த்து நடக்க வேண்டும். பிரிட்டனில் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றி உணவகம் விவரம் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்லும் 9 பொருள்களின் பட்டியல் (2023-இல் எள்ளும் அதில் சேர்ந்தது) பொதியில் அடைத்து விற்கும் உணவுக்கானது. ஆகவே அங்கே வாய்விட்டுக் கேட்க வேண்டும். குருமாவில் முந்திரி விழுது உண்டா? வடை பொரித்த எண்ணெயில்தான் இறாலும் பொரிக்கிறீர்களா? இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

காசு வீண் என்றார். பிள்ளைகளுக்கென்று தனி அட்டையில் இருக்கும் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கும் வாங்கினால் வீண்தான். பெரியவர் பட்டியலிலிருந்து ஒரு துணை உணவு, ஒரு முட்டை, அம்மா தட்டில் கொஞ்சம். செலவு அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, நடுவர் அய்யா. 1859-இல் நம் செட்டியார்கள் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுப்பிய அதே சிங்கப்பூரில், பல சிறு கடைகள் சேர்ந்த பொது உணவிடங்களான ஹாக்கர் சென்டர்களில் சாப்பிட்டவர்களே தட்டை எடுத்து வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அதற்குக் கண்டிப்பு வந்தது: முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 டாலர் அபராதம். அங்கே மூன்று வயதுப் பிள்ளையிடம் கனமான தட்டைக் கொடுக்க முடியாது. காலியான பிளாஸ்டிக் குவளையைக் கொடுக்கலாம். அது அப்பாவுக்குப் பின்னால் நடந்துபோய் அதை வைத்துவிட்டு வரும். வீட்டிலேயே உட்காரவைத்து ஊட்டினால் இதை எங்கே, எந்த வயதில் கற்றுக்கொடுப்பது என்று எதிரணி அண்ணன் தம் பதிலுரையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.