ஈஸ்டருக்குப் பேரே "கறி எடுக்கிறது"! எந்த ஊர்ல தெரியுமா?

ஜோக் இல்லைங்க, அகராதியிலயே அப்படித்தான் இருக்கு. எந்த மொழின்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி ஒரு வாட்ஸ்அப் வதந்தியை முடிச்சு வெச்சிடலாம்.

"ஈஸ்டர்னா பாபிலோன் தேவதை இஷ்தார்தான்!" இந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். சத்தம் ஒத்துப்போகுது, அவ்வளவுதான். சத்தம் ஒத்துப்போனா சொந்தமாயிடுமா? பீடுன்னு ஒரு ஆங்கிலேயத் துறவி, 725-ல எழுதின காலக்கணக்கு நூல்ல, ஏப்ரல் மாசத்தோட பழைய பேரு ஏயோஸ்ட்ரேங்கிற தேவதையால வந்ததுன்னு சொல்றார். ஈஸ்டர்ங்கிற பேருக்கு அவர் சொல்ற கதை அதுதான்.

ஆனா ஐரோப்பாவுல முக்கால்வாசி மொழிகள்ல அந்தப் பேரே கிடையாது. எபிரேயத்துல 'பெசாக்'னு ஒரு யூதப் பண்டிகை, அதாவது கடந்து போறது. எகிப்துல நிலைக்கால்ல ஆட்டு ரத்தம் பூசின வீடுகளைச் சாவு கடந்துபோன ராத்திரி. இயேசு சிலுவையில இறந்தது அந்தப் பண்டிகை சமயத்துல. அதான் கிரேக்கத்துல பாஸ்கா, ஸ்பானிஷ்ல பாஸ்குவா. செர்பியன்ல, சீனத்துல எல்லாம் நேரா 'உயிர்ப்பு'தான், தமிழ்ல உயிர்ப்பு ஞாயிறுன்னு சொல்ற மாதிரியே. போலிஷ்ல 'பெரிய ராத்திரி'.

சரி, கறிக்கு வருவோம்!

ஹங்கேரியன்ல ஈஸ்டருக்கு 'ஹூஷ்வேட்'. ஹூஷ்னா கறி, வேட்னா எடுக்கிறது. "கறி எடுத்தாச்சா?"ன்னு கேக்குறோமே, அச்சு அசல் அதேதான்! தூரத்துச் சொந்தமான எஸ்தோனியன்லயும் ஈஸ்டருக்கு 'கறி எடுக்கிறது'ன்னு ஒரு பேர் இருக்கு.

ஏன்? ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் நோன்பு, அதான் தவக்காலம். அது தொடங்குற சாம்பல் புதன்லேர்ந்து எண்ணினா 46 வரும், ஆறு ஞாயிறைக் கழிச்சா 40. மத்திய காலத்துல கறி மட்டுமில்ல, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் தொடக்கூடாது. மனுஷன் நோன்பு இருக்கலாம், கோழி இருக்குமா? அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கிட்டே இருக்கும்! ஈஸ்டருக்கு முட்டை இவ்வளவு முக்கியமானதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கூத்து. நோன்புக்கு முன்னாடி ஆட்டம்பாட்டம் போடுறாங்களே கார்னிவல், அந்தப் பேரு 'கறியை விலக்கு'ங்கிற லத்தீன்லேர்ந்து வந்தது. வாசக்கதவைச் சாத்தும்போது ஒரு கறி, திறக்கும்போது ஒரு கறி! இறையியல் அறிஞர்கள் உயிர்ப்பைப் பேரா வெச்சாங்க, ஹங்கேரிக்காரங்க பசியைப் பேரா வெச்சாங்க. என் ஓட்டு ஹங்கேரிக்கே. திட்டணும்னா கமெண்ட்ல திட்டுங்க.

கடைசியா 'லெந்து', தவக்காலத்தோட இங்கிலீஷ் பேரு. பழைய ஆங்கிலத்துல அதுக்கு அர்த்தம் வசந்தம், பகல் நீள்ற காலம். நோன்புங்கிற வாசனையே அந்தச் சொல்லுல இல்லை. இதுல பாவம் ஆஸ்திரேலியாக்காரங்கதான். அங்க அப்போ இலையுதிர் காலம் தொடங்கும். லெந்து முழுக்கப் பகல் சுருங்கிக்கிட்டே போகும்!

உங்க வீட்டுல லெந்தா, தவக்காலமா? பஸ்காவா, பாஸ்காவா? கீழ எழுதுங்க, ஒரு சண்டையைப் பாத்துடலாம்.