கூடையில் போகும் மண்

வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. பின்வரிசையில் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், மைக்கை வைத்துவிட்டுக் கத்தியே பேசுகிறேன், மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டைதான்.

பல்கலைக்கழகத்தில் மண்ணியலும் பயிர் முகாமைத்துவமும் படிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது என்ன படிப்போம், என்ன வேலை கிடைக்கும் என்பது. பெற்றோர் மனதில் இருப்பது வேறு. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் அம்மாவே கேட்டார். மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் எட்டாமல் விவசாய பீடத்துக்குத் தெரிவான கடிதம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்த அன்று, முதுகிலிருந்த கூடையைக்கூட இறக்காமல், "இந்த மண்ணுல இருந்து நீ போகணும்னுதானே படிக்க வச்சேன், திரும்ப மண்ணையே படிக்கப் போறியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்க இரண்டு வருடம் ஆனது, அதுவும் அந்தக் கூடைக்குள்ளேயே கிடைத்தது. பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் படிப்பு. பேராதனையில் நான்கு வருடம், ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் செமஸ்டர் கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். நான் ஒரு அகராதியையும் பக்கத்து அறைக்காரனையும் வைத்துச் சமாளித்தேன், அகராதியைவிட அவன்தான் உதவினான். ஆரம்பத்தில் எல்லாம் கலந்து வரும்: இரசாயனம், பயிர், கால்நடை, பொருளியல், புள்ளிவிபரம். மண்ணா பயிரா என்று பிரிவதெல்லாம் பிறகு. மகா இலுப்பள்ளமவில் பீடத்துக்கு ஒரு துணை வளாகம் இருக்கிறது, உலர் வலயத்து மண்ணை நான் முதன்முதலில் தொட்டது அங்கேதான். நனைந்தால் செருப்போடு எழுந்து வரும், காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும். எங்கள் மலை மண் எவ்வளவு மழை பெய்தாலும் உறிஞ்சிக்கொண்டு, அடுத்த நாளே முள்ளுக் குத்திக் கிளற இடம் கொடுக்கும், உலகத்தில் எல்லா மண்ணும் இப்படித்தான் என்று இருபது வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

ஆய்வுகூடத்துக்குப் போவதற்கு முன்னால் விரலால் பார்க்கப் பழக்குவார்கள். ஈர மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நாடா மாதிரித் தள்ள வேண்டும். நீளமாக வந்தால் களி அதிகம், உடனே உடைந்தால் மணல் அதிகம். ஆளுயரக் குழி வெட்டி உள்ளே இறங்கிப் படை படையாகப் பார்ப்போம், மேலே கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்பும், இன்னும் கீழே உக்கிப்போன பாறை. இதற்குக் கம்பஸ் வரைக்கும் போகத் தேவையில்லை, பாதை அகலப்படுத்த வெட்டியிருக்கிற மண்மேட்டைப் போகிற வழியில் நின்று பாருங்கள், அந்தக் கறுப்புப் படை எவ்வளவு மெல்லியது என்று தெரியும். நம்முடைய சாப்பாடெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

சரி, நான் கோட்டை விட்ட கதை ஒன்று. இரண்டாம் வருட விடுமுறை. மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்ணான பீஎச் பற்றிப் படித்துவிட்டுத் தலை கொஞ்சம் வீங்கியிருந்த நேரம். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், 4.5 முதல் 5.5 வரை. அந்த எண்ணில் முழுதாக ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. அவ்வளவு புளிப்பில் மண்ணுக்குள் இருக்கிற அலுமினியம் கரைந்து கோவா, போஞ்சி போன்றவற்றின் வேரைக் கெடுக்கும், தேயிலையோ அதையே உறிஞ்சி முற்றிய இலையில் வைத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். லயத்துக்குப் பின்னால் அப்பா உருளைக்கிழங்கு போடும் துண்டு நிலமும் தேயிலை மலையை ஒட்டியதுதானே, புளிப்பாகத்தான் இருக்கும் என்று, அளந்து பார்க்காமலே புளிப்பை முறிக்கிற சுண்ணாம்புக்கல் தூளான டொலமைட் இரண்டு பை வாங்கிக் கொட்டச் சொன்னேன். கொட்டினார். கிழங்கு முழுக்கச் சொறி. அப்பா ஒன்றைத் தோண்டியெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிழங்குக்குக் கம்பஸ் ஒத்துக்கல போல தம்பி" என்றார். பிறகு மண்ணைக் கொண்டுபோய் அளந்தால் பீஎச் 7ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. காரணம் அம்மா. முப்பது வருடமாக அடுப்புச் சாம்பலை அந்தத் துண்டில்தான் கொட்டி வந்திருக்கிறார், சாம்பலும் சுண்ணாம்பு மாதிரிப் புளிப்பை முறிக்கும். டொலமைட் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அந்த மண் தேயிலை மண்ணாக இல்லை. கிழங்குச் சொறிக்குப் புளிப்புக் குறைந்த மண் என்றால் கொண்டாட்டம். முதலில் அளந்து பார், அதற்கு முன்னால் அந்த இடத்தில் யார் எதைக் கொட்டினார்கள் என்று கேள் என்பதை எந்த விரிவுரையிலும் நான் இவ்வளவு நன்றாகப் படிக்கவில்லை.

இனிக் கூடை. ஒரு நாளைக்கு அம்மா 20 கிலோ கொழுந்து எடுக்கிறார் என்று வையுங்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வாடி, அரைபட்டு, காய்ந்து வெளியே வரும்போது அது 4 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான தூள். அந்தத் தூளில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு நைதரசன், அதாவது 160, 170 கிராம். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு என்பதால், ஒரே நாளில் ஒரே கூடையில் ஏறக்குறைய 350 கிராம் யூரியாவின் சத்து மலையை விட்டு இறங்கிப் போகிறது. ஒரு பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குக் கூடுகிற ஆட்கள் எல்லோருக்கும், எத்தனை கூடை, வருடத்துக்கு எத்தனை நாள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அம்மாவின் சம்பளத்தை மாலையில் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்கிறார், மலை கொடுத்ததை யார் எழுதுகிறார்கள்? அதை எழுதுகிற படிப்புத்தான் அம்மா இது என்று அடுத்த விடுமுறையில் சொன்னேன். அம்மா உடனே பெருமைப்பட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள், "அப்ப உரம் போட்டா சரிதானே" என்றார்.

சரிதானா என்பதை 2021 காட்டியது. அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, பதிலுக்குக் கூட்டெரு மாதிரி மக்கிய இயற்கை உரம் போடச் சொன்னார்கள், தடையை நவம்பரில் எடுத்தார்கள். கூட்டெரு கெட்டது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், தண்ணீரைப் பிடித்து வைக்கும், மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும், யூரியா இரண்டையும் செய்யாது. ஆனால் ஒரு கிலோ நைதரசன் கொடுக்க யூரியா இரண்டே கால் கிலோ போதும், நூற்றுக்கு ஒன்றரை நைதரசன் உள்ள கூட்டெரு என்றால் 65 கிலோவுக்கு மேல் வேண்டும், அதிலும் முதல் வருடத்தில் ஒரு பகுதிதான் மண்ணில் கரைந்து செடிக்குக் கிடைக்கும். அந்த 65 கிலோவைக் கொழும்பில் மேசைமேல் எழுதுவது சுலபம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, மண் கழுவிப்போகாமல் மழைநீரை வடிக்கிற கான் தாண்டி மலை ஏறுவது யார்? இந்தக் கணக்கு உயர்தரப் பிள்ளைக்கே வரும். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி, எனக்குக் கோபமும் அங்கேதான்.

கான் என்று சொன்னேன். ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் மண் கழுவிப்போனால் 10 கன மீற்றர், எடை 10 டன்னுக்கு மேல். ஒரு மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரியாது, ஆற்றின் நிறத்தில்தான் தெரியும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. கான் தூர்ந்து கிடக்கிற மலைகளோ இன்னும் இருக்கின்றன. மண்சரிவு வேறு விஷயம், அது மேல்மண் மட்டும் போவதல்ல, சரிவே தண்ணீர் குடித்துக் கனத்து இறங்குவது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை இங்கே யாருக்கும் நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பாடம் வந்த நாளில் வகுப்பில் என்னால் குறிப்பெடுக்க முடியவில்லை.

வேலை பற்றிச் சுருக்கமாக. விவசாயத் திணைக்களம், 1925இல் தொடங்கி இப்போது தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம், உர, விதைக் கம்பனிகள், ஆசிரியத் தொழில், தோட்டங்களில் சின்னத்துரை வேலை, அதாவது உதவி முகாமையாளர். எல்லோருக்கும் உடனே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், என்னோடு படித்த சிலர் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். சின்னத்துரை வேலைக்குத் தமிழ் தெரிந்த விவசாயப் பட்டதாரி போனால், பிரட்டுக்களத்தில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அங்கே இருக்கிற தங்கச்சி ஒரு துண்டு அனுப்பியிருக்கிறார், பெண் பிள்ளைகள் குழிக்குள் இறங்க வேண்டுமா என்று. இறங்க வேண்டும். எங்கள் வகுப்பில் நாடாவை ஆக நீளமாகத் தள்ளியது ஒரு பெண்தான்.

அந்த மேசையில் நான்கு பை மண் வைத்திருக்கிறேன். தேயிலை மலை, நுவரெலியாவில் ஒரு லீக்ஸ் தோட்டம், மகா இலுப்பள்ளம, அம்மாவின் சாம்பல் துண்டு. எது எது என்று பையில் எழுதவில்லை. போத்தலில் தண்ணீர் இருக்கிறது, நனைத்துத் தள்ளிப் பாருங்கள். கை கழுவும் குழாய் மண்டபத்துக்குப் பின்னால்.