வாங்கிலிருக்கும் அம்மம்மாமார்

(ஒட்டுசுட்டானில் மாதர் சங்கத்தினருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஒலிவாங்கி கரகரக்கிறது, பின்னால் இருப்பவர்கள் முன்னுக்கு வந்து இருங்கள்.

சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்றொரு மனநல வைத்தியர். அவரிடம் வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண், அடுத்த முறை வரப் பஸ் காசு இல்லாமல் வீட்டோடு நின்றுவிட்டாள், உயிரையும் மாய்த்துக்கொண்டாள். பஸ் காசு என்றதும் இங்கே சிலர் தலையாட்டுவது தெரிகிறது. அந்த நாட்டில் மனநல வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் அவர் 2006இல் ஹராரே நகரில் மனம் நொந்து வருபவர்களோடு கதைக்க 14 அம்மம்மாமாருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் இருந்து பேசக் கிளினிக் வளவுக்குள் ஒரு வாங்கு.

அந்த அம்மம்மாமார் புத்திமதி சொல்வதில்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். எங்களிடம் யாராவது அழுதால், “கடவுள் பார்த்துக்கொள்வார், பிள்ளைகளை நினைத்து மனதைத் தேற்று” என்று வாயை அடைத்துவிடுகிறோம். நல்ல மனதோடுதான். அவர்களோ முதலில் எல்லாவற்றையும் கொட்ட விடுகிறார்கள். கொட்டியதில் ஒன்றை வந்தவரே தெரிந்தெடுக்க வேண்டும். நுண்கடன் என்று வையுங்கள். கிழமைக் கட்டுப்பணம், படலையில் வந்து நிற்கும் ஆள், நித்திரையில்லாத இரவு. சரி, இந்தக் கிழமை இதில் எதைச் செய்யலாம்? யாரிடம் போய்க் கதைக்கலாம்? எந்த நாள்? அடுத்த முறை வரும்போது அது நடந்ததா என்று கேட்பார்கள். நடக்காவிட்டால் திட்டுவதில்லை, வேறு வழி தேடுவார்கள். இப்படி ஆறு முறை.

பலன் இருந்ததா? 24 கிளினிக்குகளில் 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதத்தின் பின், வழமையான கவனிப்பைப் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இப்படிப் பேசியவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான்.

ஆனால் அந்த வாங்கு எங்களுக்குச் சரிவரும் என்று நான் நினைக்கவில்லை. காலையில் அதில் யார் இருந்தது என்று பின்னேரம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பாகிஸ்தானில் ராவல்பிண்டிக் கிராமங்களில் செய்தது எங்களுக்குக் கிட்ட வருகிறது. வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே இதுபோலக் கதைக்கும் முறையொன்றைப் பழக்கினார்கள். பிள்ளையைப் பார்க்கப் போகிற சாட்டில் தாயின் மனதையும் கேட்டார்கள். மனச்சோர்வோடிருந்த 903 கர்ப்பிணிகளோடு தொடங்கிய அந்த ஆய்வு 2008இல் வந்தது. பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் போன இடங்களில் 23 சதவீதத் தாய்மாரே மனச்சோர்வில் இருந்தார்கள். மற்ற இடங்களில் 53 சதவீதம்.

எங்கள் குடும்பநல மாதுவும் வீட்டுக்கு வருகிறார். பாவம், அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் ஆறு முறை கதைத்தால் தீரும் என்று சொன்னால், அது பொய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. உயிரை விடப் போவதாகச் சொல்பவரையோ, இல்லாத குரல் கேட்பவரையோ நீங்கள் வைத்துக் கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மாஞ்சோலை வைத்தியசாலைக்கோ கிளிநொச்சி வைத்தியசாலைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அவசரத்துக்கு 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இப்படிக் கதைக்கும் பயிற்சிக்கு விருப்பமானவர்கள் தேநீருக்குப் பிறகு செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். கேட்டதை வெளியில் சொல்லாதவர்கள் மட்டும். சொந்த ஊரை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போகச் சம்மதித்தால் இன்னும் நல்லது.